வேற்றூர் நாக்கும் கொரியக் கிம்ச்சியும்

கொரியாவுக்கு வேலைக்கோ படிப்புக்கோ போய்த் தங்கும் எவரையும் விடாமல் துரத்துகிற கேள்வி ஒன்று உண்டு: "கிம்ச்சி சாப்பிடுவீர்களா?" டாக்ஸி ஓட்டுநர் கேட்பார், ஆய்வகத்தில் பக்கத்து மேசைக்காரர் கேட்பார், வீட்டு உரிமையாளரின் அம்மாவும் கேட்பார். ஆம் என்றால் முகம் மலரும். இல்லை என்றால், பழகப் பழகப் பிடித்துவிடும் என்று ஒரு சமாதானம் வரும். புளித்த காய்கறி ஒன்றைப் பற்றிய விசாரிப்புதான். ஆனால் கேட்பவருக்கு அதில் இந்த ஊர் உனக்கு ஒத்துப்போகிறதா என்ற கவலையும் சேர்ந்திருக்கிறது. அதனாலேயே வெளிநாட்டவரின் பதிலுக்குக் கொரியாவில் அளவுக்கு மீறிய மதிப்பு. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் ஒரு வெள்ளைக்கார இளைஞர் முதல் துண்டை வாயில் வைத்ததும் கேமரா அவர் முகத்தைவிட்டு நகராது.

பதில்கள் ஒரே மாதிரி இருப்பதில்லை. வந்திறங்கிய வாரம் வாடை தாங்காமல் கிண்ணத்தைத் தள்ளி வைத்தவர்கள், ஊர் திரும்பிய பிறகு அது இல்லாமல் சோறு இறங்கவில்லை என்கிறார்கள். பல வருடம் தங்கியும் பச்சையாகத் தொடாமல், குழம்பில் வெந்தால் மட்டும் உண்பவர்கள் இருக்கிறார்கள். வெள்ளரிக்காய்க் கிம்ச்சி சரி, முட்டைக்கோஸ் வேண்டாம் என்பவர்களும் உண்டு, முதல் வாயிலேயே மயங்கியவர்களும் உண்டு. பிடித்தவர் இத்தனை பேர், பிடிக்காதவர் இத்தனை பேர் என்று இவர்களை இரண்டு கூறாகப் பிரித்துவிடுவது வழக்கம். அப்படிப் பிரிக்கும்போது விஷயமே கைநழுவிப் போகிறது என்று நினைக்கிறேன். எந்தக் கிம்ச்சி, புளித்து எத்தனை நாள் ஆனது, பரிமாறியவர் யார், வேண்டாம் என்று சொல்லும் உரிமை சாப்பிட்டவருக்கு இருந்ததா? இவை தெரியாமல் ஒருவருடைய கருத்துக்குப் பொருள் சொல்ல முடியாது.

கிம்ச்சி என்றதும் வெளிநாட்டார் மனத்தில் வருவது சிவப்பேறிய நாப்பா முட்டைக்கோஸ். பெச்சு கிம்ச்சி எனப்படும் அது ஒரு பெரிய குடும்பத்தின் ஒரு பிள்ளை. முள்ளங்கியைச் சதுரத் துண்டங்களாக நறுக்கிச் செய்தால் கக்துகி. முழு முள்ளங்கியை உப்பு நீரில் போட்டு, மிளகாய்த்தூள் இல்லாமல், அந்த நீரையும் சேர்த்துக் குடிக்கும்படி குளிர்காலத்தில் செய்வது தொங்சிமி. வெள்ளரிக்காயைக் கீறி மசாலா அடைத்தால் ஓயி சொபாகி. தெற்குக் கரையில் யோசுவை ஒட்டிய தோல்சான் பகுதியில் கடுகுக்கீரைக் கிம்ச்சிக்குப் பேர் அதிகம். வகைகளை எண்ணினால் இருநூறைத் தாண்டும். வடக்கே போகப் போக உப்பும் காரமும் தணிந்து நீர் கூடும். தெற்கே ஜொல்லா மாகாணங்களில் உப்பு, மீன் சாறு, மிளகாய் மூன்றும் ஏறும். இத்தனைக்கும் மிளகாயே கொரியாவுக்குப் பிந்தி வந்த பண்டம். 1592-இல் தொடங்கிய ஜப்பானியப் படையெடுப்பை ஒட்டிய காலத்தில் அது வந்து சேர்ந்தது என்பது பொதுவான கருத்து. 1614-இல் யி சு-குவாங் என்ற அறிஞர் தொகுத்த நூலில் அதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. அதற்கு முன் நூற்றாண்டுக் கணக்கில் கொரியர்கள் உண்ட கிம்ச்சியில் மிளகாய்ச் சிவப்பு கிடையாது. பேரிக்காயும் இலந்தைப்பழமும் சேர்த்துக் காரமில்லாமல் செய்யும் பெக் கிம்ச்சி இன்றும் இருக்கிறது. காரம் தாங்காமல் "எனக்குக் கிம்ச்சி ஒத்துவராது" என்று முடிவு கட்டிய பலருடைய மேசைக்கு அது வந்தே இருக்காது.

வகையைவிடப் பெரிய விஷயம் வயது. கலந்த அன்றே உண்பது கொத்ஜோரி. அதில் புளிப்பு இருக்காது. தண்டு நறுக்கென்று உடையும், பூண்டின் பச்சைக் காரம் நாக்கில் ஏறும். குளிரில் இரண்டு மூன்று வாரம் இருந்தால் லியூகோனாஸ்டாக் இன பாக்டீரியாக்கள் பெருகி, லாக்டிக் அமிலத்தோடு கரியமில வாயுவையும் உண்டாக்கும். கடிக்கும்போது சுரீரென்று வரும் சிலிர்ப்பு, சாற்றில் கரைந்திருக்கும் அந்த வாயுவால் வருவது. நல்ல பதம் என்று கொரியர்கள் சொல்வது இந்தக் கட்டத்தைத்தான். மேலும் நாளானால் லாக்டோபேசில்லஸ் வகைகளின் கை ஓங்கும். புளிப்பு ஏறும், இலை துவளும். ஓராண்டு தாண்டிய பழங்கிம்ச்சிக்கு முகுன்ஜி என்று பெயர். அதைப் பச்சையாக முதல் முறை வாயில் வைக்கும் வெளியூரார் முகம் சுளிக்காவிட்டால்தான் ஆச்சரியம். அதையே பன்றி இறைச்சியோடு நெடுநேரம் வேகவிட்டால் புளிப்பு இறைச்சிக்குள் இறங்கி, இலை நாராக உரிந்து வேறொரு பண்டமாகிவிடும். இளசா பழசா என்று கொரியர்களுக்குள்ளேயே கட்சி உண்டு; ஒரே வீட்டில் அப்பாவுக்கு ஒரு டப்பா, பிள்ளைகளுக்கு ஒரு டப்பா. அவர்களே இத்தனை பருவமாகப் பிரித்துச் சுவைக்கும் ஒன்றுக்கு, ஒரு நாள் ஒரு கிண்ணத்தில் ருசி பார்த்தவரிடம் ஒற்றை வார்த்தையில் தீர்ப்புக் கேட்பது நியாயமாகப் படவில்லை.

குறை சொல்பவர்கள் பெரும்பாலும் சொல்வது வாடையைப் பற்றி. அதற்குக் காரணம் இருக்கிறது. பூண்டையும் வெங்காயத்தாளையும் நசுக்கும்போது உண்டாகும் கந்தகச் சேர்மங்கள் நொதிக்கும்போது உருமாறிக்கொண்டே போகின்றன. முட்டைக்கோசும் தன் பங்குக்குக் கந்தகம் தருகிறது. இவற்றின் மேல் உப்பில் ஊறிய கூனி இறாலும் நெத்திலிச் சாறும் சேர்கின்றன. ஜெர்மானியர்களின் சார்க்ராட்டும் முட்டைக்கோசை உப்பிட்டுப் புளிக்கவைப்பதுதான், அதில் வேலை செய்யும் பாக்டீரியாக்களும் ஏறத்தாழ இவைதான். 1963 முதல் மேற்கு ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும், சில ஆண்டுகளில் அங்குள்ள மருத்துவமனைகளுக்கும் ஆயிரக்கணக்கில் போன கொரியத் தொழிலாளர்களும் செவிலியர்களும், புளித்த முட்டைக்கோஸ் தின்று வளர்ந்த மக்கள் நடுவில்தான் வாழ்ந்தார்கள். அந்த மக்களுக்கும் கிம்ச்சி அந்நியமாக இருந்ததற்குப் பூண்டும் மீனும் போதுமான காரணங்களாக இருந்தன.

இந்த வாடை கற்பனைக் குறையும் இல்லை. சாதாரண ஃபிரிட்ஜில் மூடி சரியாகப் பொருந்தாத ஒரு டப்பா இருந்தால் வெண்ணெய் வரைக்கும் ஏறிவிடும். கொரியர்களே இதற்கு வழி தேடியிருக்கிறார்கள். 1995-இல் டிம்ச்சே என்ற பெயரில் கிம்ச்சிக்கென்றே ஒரு ஃபிரிட்ஜ் வந்தது. மண்ணில் புதைத்த பானைக்குள் இருப்பதுபோல் உறைநிலையை ஒட்டிய சீரான குளிர் தருவது அதன் முதல் வேலை. மற்ற உணவிலிருந்து கிம்ச்சியைப் பிரித்து வைத்தது அதனால் கிடைத்த இன்னொரு நன்மை. இன்று அது இல்லாத கொரியக் குடும்ப வீடு குறைவு. ஆகவே, வாடை பிடிக்கவில்லை என்கிற வெளிநாட்டவரை நாகரிகம் தெரியாதவர் என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் வாடையைக் குறை சொல்வது வேறு, வாடையைச் சாக்கிட்டு ஆளைக் குறை சொல்வது வேறு. வரலாற்றில் இரண்டாவதும் தாராளமாக நடந்திருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நெடுநாள் தங்கியவர்களின் பேச்சில், மனம் மாறிய இடமாக அடிக்கடி வருவது கிம்ஜாங். நவம்பர் கடைசியில், குளிர் இறுகுவதற்கு முன், குளிர்காலம் முழுவதற்குமான கிம்ச்சியை உறவும் அக்கம்பக்கமும் கூடிச் செய்யும் வேலை அது. முந்தின நாளே முட்டைக்கோசின் அடியில் கத்தியால் சற்றே கீறி, மீதியைக் கையால் பிளப்பார்கள். முழுக்கக் கத்தியால் வெட்டினால் உள்ளிலைகள் துண்டாகி உதிர்ந்துவிடும். தடித்த வெள்ளைத் தண்டுப் பக்கம் உப்பைத் தாராளமாகவும், இலை நுனிக்குக் குறைவாகவும் தூவி, இரவு முழுக்க ஊறவிடுவார்கள். காலையில் தண்டை வளைத்துப் பார்க்க வேண்டும். முறியாமல் வளைந்தால் பதம். இரண்டு மூன்று தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வடியவிடுவார்கள். பசையரிசிக் கஞ்சியில் மிளகாய்த்தூளை ஊறவிட்டு, பூண்டு, இஞ்சி, கூனி, மீன் சாறு, கீற்றாக அரிந்த முள்ளங்கி, வெங்காயத்தாள், கடுகுக்கீரை எல்லாம் சேர்த்துப் பிசைந்த மசாலாவை, ரப்பர் கையுறை போட்ட கைகள் இலை இலையாக விலக்கிப் பூசும். கடைசியில் வெளி இலை ஒன்றை இழுத்துப் பொட்டலமாகச் சுற்றி அடுக்குவார்கள்.

இதற்கு நடுவே, மஞ்சள் பாரித்த உள்ளிலை ஒன்றைக் கிள்ளி, கொஞ்சம் மசாலாவும் அப்போதுதான் வெந்து இறங்கிய பன்றி இறைச்சித் துண்டு ஒன்றும் வைத்துச் சுருட்டி, பக்கத்தில் இருப்பவர் வாயில் ஊட்டிவிடுவார்கள். எல்லார் கையிலும் மசாலா. யாரும் தானாக எடுத்துச் சாப்பிட முடியாது. உணவகத்தில் சிறு கிண்ணத்தில் குளிர்ந்து கிடந்ததை மட்டும் அறிந்த ஒருவர், இன்னொருவர் கையால் ஊட்டப்பட்ட அந்த வாய்க்குப் பிறகு கிம்ச்சியைப் பற்றி வேறு விதமாகப் பேசுவது இயல்புதான். யுனெஸ்கோ 2013-இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததும் கிம்ச்சி என்ற பண்டத்தை இல்லை, கிம்ச்சியைச் செய்து பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தை. வடகொரியாவின் மரபு 2015-இல் தனியே சேர்ந்தது.

ஆனால் கிம்ஜாங் வீட்டுக்குள் அழைக்கப்படும் வெளிநாட்டவர் எத்தனை பேர்? பெரும்பாலோர் கிம்ச்சியைச் சந்திப்பது மலிவான உணவகங்களிலும் ஆலை கேன்டீன்களிலும்தான். அங்கே சோற்றோடு வரும் பக்க உணவுகளுக்குக் காசு கிடையாது; கிண்ணம் காலியானால் மறுபடி நிரப்பித் தருவார்கள். இலவசமாகத் தருவதை எந்த உணவகக்காரரும் அதிக விலை கொடுத்து வாங்கத் தயங்குவார். தென்கொரியா ஆண்டுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் டன் கிம்ச்சியை இறக்குமதி செய்கிறது. அனேகமாக எல்லாமே சீனாவில் தயாரானது, அதில் பெரும்பகுதி போவது உணவகங்களுக்கு. சுவரில் மாட்டிய பலகையில் அரிசி எங்கிருந்து, இறைச்சி எங்கிருந்து, கிம்ச்சியின் முட்டைக்கோசும் மிளகாய்த்தூளும் எங்கிருந்து என்று எழுதி வைக்கச் சட்டம் இருக்கிறது. கொரிய எழுத்து படிக்கத் தெரியாதவருக்கு அது தெரியப்போவதில்லை. அவர் "கொரியக் கிம்ச்சி எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்லும்போது, அவர் உண்டது சீனத்து ஆலையில் செய்து பெட்டியில் கப்பலேறி வந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நெருப்பைக் காட்டினால் கதை மாறும். பச்சைக் கிம்ச்சியை வெறுப்பவர்களில் பலர் கிம்ச்சி ஜிகே என்ற குழம்பையும், கிம்ச்சி போட்டு வறுத்த சோற்றையும், மாவில் கலந்து எண்ணெயில் வார்க்கும் கிம்ச்சி-ஜொனையும் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். சூட்டில் பூண்டின் காரம் இனிப்பாக மாறும், வாடை தணியும், புளிப்பு கொழுப்போடு கலந்து மட்டுப்படும். கொரியப் போருக்குப் பின் உய்ஜொங்பு நகரில், அமெரிக்கப் படை முகாம்களிலிருந்து வெளியே வந்த டின் இறைச்சியையும் சாசேஜையும் கிம்ச்சியோடு கொதிக்கவைத்துப் பிறந்தது புதே ஜிகே. பசியில் பிறந்த அந்தக் குழம்பு இன்று வெளிநாட்டு மாணவர்களுக்கு மிகப் பிடித்த உணவுகளில் ஒன்று. தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய வழியும் இதுதான்: முதலில் ஜொன், பிறகு குழம்பு, அதன் பிறகு பச்சை.

கிம்ச்சியைப் பற்றிய வெளிநாட்டவர் கருத்து என்று திரட்டப்படுவதில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. தென்கொரியாவில் வாழும் வெளிநாட்டவர் எண்ணிக்கை 2023 முடிவில் 25 இலட்சத்தைத் தாண்டியது. அவர்களில் ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் அமெரிக்கர்களும் ஐரோப்பிய மாணவர்களும் சிறு கூட்டம். சீனர், வியட்நாமியர், தாய்லாந்தினர், உஸ்பெக்கியர், நேபாளிகள், இந்தோனேசியர், பிலிப்பைன்ஸ்காரர் எல்லாம் சேர்ந்ததுதான் பெருங்கூட்டம். 2004-இல் தொடங்கிய வேலை அனுமதித் திட்டத்தில் ஆலைக்கும் பண்ணைக்கும் வந்தவர்களில் இலங்கையரும் உண்டு. கேமரா தேடிப் போவது சிறு கூட்டத்தை.

2000-களில் கொரியக் கிராமங்களில் பெண் கிடைக்காத ஆண்கள் வியட்நாம், பிலிப்பைன்ஸ், கம்போடியா என்று வெளியே பெண்ணெடுத்தார்கள். இத்தகைய குடும்பங்களுக்கென்று 2008-இல் தனி ஆதரவுச் சட்டமே வந்தது. அதன் கீழ் ஊர்தோறும் இயங்கும் மையங்களில் மொழி வகுப்போடு கிம்ச்சி வகுப்பும் நடக்கும். ஒரே நிறத்து ஏப்ரன் கட்டிய இளம்பெண்கள் சிவந்த முட்டைக்கோசைக் கையில் ஏந்திச் சிரிக்கும் படம் ஒவ்வொரு நவம்பரிலும் உள்ளூர்ச் செய்திகளில் வரும். சொல்லிக்கொடுப்பது நல்ல நோக்கத்தோடுதான். மாமியார் வீட்டில் தலைகுனியாமல் இருக்க அது உதவவும் செய்கிறது. ஆனால் அந்தப் பெண்களிடம் "கிம்ச்சி பிடித்திருக்கிறதா" என்று கேட்டால் வேறு என்ன பதிலைச் சொல்ல முடியும்? வியட்நாமியப் பெண்ணுக்கு மீன் சாறு புதிதில்லை. அவள் ஊரிலும் நெத்திலிச் சாறு இல்லாத சமையல் கிடையாது. கடுகுக்கீரையைப் புளிக்கவைக்கவும் அவள் அம்மா அறிவாள். ஐரோப்பியர் மூக்கைப் பிடிக்கும் வாடை அவளுக்குப் பொருட்டே இல்லை. அவளுக்குப் பாரமாவது வேறு: குளிர்ந்த தண்ணீரில் நூறு முட்டைக்கோசை அலசுவதும், உப்பின் அளவு பிசகினால் ஊரே பேசுவதும். பிடித்தது, பிடிக்காதது என்ற கட்டத்துக்குள் இது எங்கே அடங்கும்? வெளிநாட்டவர் எல்லாரிலும் கிம்ச்சியை நெருங்கி அறிந்தவர்கள் இந்தப் பெண்கள்தான். அவர்களுடைய கருத்து எனக்கு மற்ற எவருடையதையும்விட முக்கியமாகப் படுகிறது, அதுதான் மிகக் குறைவாகக் கேட்கப்பட்டதும்.

ஆலைத் தொழிலாளர்களின் கணக்கு இன்னொன்று. பெரும்பாலும் முஸ்லிம்களான வங்கதேசத்தவரும் இந்தோனேசியரும் பச்சைக் கிம்ச்சியை மிளகாய்ப் பழக்கத்தால் எளிதில் ஏற்றுக்கொள்வார்கள். கேன்டீன் குழம்பில்தான் நிற்பார்கள். கிம்ச்சி ஜிகேயில் பன்றி இறைச்சி போடுவது வழக்கம். அது மேலே மிதக்காவிட்டாலும் கொதித்த சாற்றில் இருக்கிறது.

நம்மவர்களுக்கு வரும் சங்கடம் சைவத்தில். கொரியப் பல்கலைக்கழகங்களில் ஆய்வாளர்களாகத் தமிழர்கள் கணிசமாக இருக்கிறார்கள். உப்பும் புளிப்பும் காரமும் சேர்ந்த கிம்ச்சியை அவர்கள் முதலில் ஊறுகாய்க் கணக்கில் எடுத்துக்கொள்வது இயற்கை. விரல் நுனியால் தொட்டுக்கொள்ளப் பார்ப்பார்கள். பக்கத்தில் கொரியர் ஒரு கவளத்துக்கு ஒரு முழு இலையை மடித்து உண்பார். அந்த அளவு வித்தியாசம் புரிந்த பிறகு, முழுக்கக் காய்கறியாகத் தெரியும் கிண்ணத்தில் கூனியும் நெத்திலியும் கரைந்திருப்பது தெரியவரும்போது, சைவர்களுக்கு அதிர்ச்சிதான். பாக்கெட்டில் அடைத்து விற்பதில், ஒவ்வாமை எச்சரிக்கையாக இறால் என்று அச்சிட்டிருப்பார்கள். உணவகத்தில் கேட்டுத்தான் ஆக வேண்டும். பல கொரியர்களுக்கு அந்த மீன் சாறு தனிப் பொருளாகவே தோன்றாது. "மீன் ஒன்றும் இல்லையே" என்று நல்ல மனத்தோடு சொல்லிவிடுவார்கள். சைவத்துக்கு வழி பௌத்த மடங்களில் இருக்கிறது. கொரிய மடச் சமையலில் மீனும் இல்லை, பூண்டு வெங்காய வகைகளும் இல்லை. கடற்பாசியும் காளானும் சோயா சாறும் அந்த இடத்தை நிரப்புகின்றன. பெக்யாங்சா மடத்தைச் சேர்ந்த துறவி ஜொங் குவான் 2017-இல் வெளியான ஒரு தொலைக்காட்சித் தொடரால் உலகறிந்தவரானார். அவர் கையால் செய்யும் கிம்ச்சியைச் சாப்பிட மேல்நாட்டுச் சமையல் வல்லுநர்கள் அங்கே போகிறார்கள். பூண்டும் மீனும் நீங்கினால் கிம்ச்சி கிம்ச்சிதானா என்ற சந்தேகத்துக்கு மடங்களின் நெடுங்காலப் பழக்கமே பதில்.

எதிர்த்திசையில், கொரியர்கள் வெளிநாட்டில் வாழும்போது அக்கம்பக்கத்தார் என்ன நினைத்தார்கள் என்பதும் இதே கேள்வியின் மறுபாதி. இதில் ஜப்பானின் கதை நீளமானது. 1910 முதல் 1945 வரை கொரியாவை ஆண்டது ஜப்பான். அந்தக் காலத்தில் பிழைக்கப் போயும், கட்டாய வேலைக்குக் கொண்டுபோகப்பட்டும் ஒசாகா போன்ற நகரங்களில் தங்கிவிட்ட கொரியர்களைப் பூண்டு நாற்றக்காரர்கள் என்று ஏசுவது சர்வசாதாரணம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கத் தயங்கினார்கள். ஒசாகாவின் சுருஹாஷி சந்தையில் கிம்ச்சி விற்றவர்கள் தங்கள் மக்களுக்குத்தான் விற்றார்கள். பிறகு கொரியர் நடத்திய, இறைச்சி சுட்டுத் தரும் உணவகங்கள் வழியாகக் கிம்ச்சி மெல்ல வெளியே வந்தது. 1988 சோல் ஒலிம்பிக், இரு நாடுகளும் சேர்ந்து நடத்திய 2002 உலகக் கோப்பைக் கால்பந்து, அடுத்த ஆண்டு ஜப்பானில் ஒளிபரப்பாகி வீடுவீடாகப் புகுந்த 'வின்டர் சொனாட்டா' தொடர் என்று ஒவ்வொன்றும் ஒரு கதவைத் திறந்தது. இதற்கிடையே, புத்தாயிரம் பிறந்த சமயத்திலேயே கிம்ச்சி ஜப்பானிய ஊறுகாய்ச் சந்தையில் எல்லாவற்றையும் முந்திவிட்டது. சுருஹாஷிக்கு இன்று ஜப்பானியரே வரிசைகட்டி வருகிறார்கள். ஜப்பானிய ஆலைகள் புளிக்கவைக்காமல் சுவையூட்டி மட்டும் விற்றதைக் கொரியா எதிர்த்து, 2001-இல் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பிடம் கிம்ச்சி புளித்திருக்க வேண்டும் என்ற விதியைப் பெற்றது. ஒரு தலைமுறைக்கு முன் எதை வைத்து ஏசினார்களோ, அதன் வியாபாரத்துக்கே சண்டை. பூண்டு அதே பூண்டுதான். மாறியது கொரியாவின் செல்வமும் செல்வாக்கும். வாடையைப் பற்றிய அந்தப் பழைய கருத்துகளில் மூக்குக்கு இருந்த பங்கு சிறிது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அமெரிக்காவில் 1903 ஜனவரியில் ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்கு 102 கொரியர்கள் கப்பலில் வந்திறங்கினார்கள். அவர்களோடு கிம்ச்சியும் வந்தது. பல இனத் தொழிலாளர்கள் சோற்றைப் பகிர்ந்துண்ட தீவுகளில் அது சிக்கலில்லாமல் எல்லார் உணவும் ஆனது. பெருநிலத்தில் அது நடக்க நூறு வருடம் பிடித்தது. இடையில் ஒரு விசித்திரம்: வியட்நாம் போரில் அமெரிக்காவுக்குத் துணையாகத் தென்கொரியா அனுப்பிய வீரர்கள் கிம்ச்சி இல்லாமல் தவிப்பதை, 1967-இல் கொரியப் பிரதமர் ஜொங் இல்-குவோன் அதிபர் ஜான்சனிடமே நேரில் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. டின்னில் அடைத்த கிம்ச்சி போர்முனைக்குப் போனது. அமெரிக்க நகரங்களில் மாற்றம் கண்ணில் பட்டது 2008-இல் லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் ராய் சோய் என்ற கொரிய அமெரிக்கச் சமையல்காரர் தன் கோகி வண்டியில் கொரிய இறைச்சியை மெக்சிகோ டாக்கோவில் வைத்து விற்றபோது. 2013-இல் மிஷெல் ஒபாமா வெள்ளை மாளிகைத் தோட்டத்து நாப்பா முட்டைக்கோசில் கிம்ச்சி போட்டு, செய்முறையை உலகுக்கே அனுப்பினார். அமெரிக்கப் பள்ளிகளில் கொரியப் பிள்ளைகளாக வளர்ந்து, சாப்பாட்டுப் பெட்டியால் கேலிக்கு ஆளானவர்களுக்கு இந்தத் திடீர்ப் புகழ் முழு மகிழ்ச்சியைத் தரவில்லை என்பதை அவர்கள் எழுத்தில் காணலாம். அந்தக் கசப்பு எனக்கு முழுக்கப் புரிகிறது.

உடல்நலப் பேச்சை நான் நீட்ட விரும்பவில்லை. 2003-இல் சார்ஸ் பரவியபோது கொரியர்களைக் கிம்ச்சி காத்தது என்ற நம்பிக்கை ஆசியா முழுவதும் ஓடியது. அதற்கு ஆதாரம் கிடையாது. நல்ல பாக்டீரியா இருப்பது உண்மை, கூடவே உப்பு நிறைய இருப்பதும் உண்மை. மருந்தாக நினைத்துத் தொடங்கிய வெளிநாட்டவர் பலர் மூன்று மாதத்தில் விட்டுவிடுவார்கள்; சோற்றுக்குத் துணையாகக் கண்டவர்களிடம்தான் அது நிலைக்கிறது. அந்த பாக்டீரியாவையே நீக்க வேண்டி வந்த இடமும் உண்டு: 2008 ஏப்ரலில் கொரிய விண்வெளி வீராங்கனை யி சோ-யொன் விண்வெளிக்குப் போனபோது கொண்டுபோன கிம்ச்சியைக் கதிர்வீச்சால் பாக்டீரியா நீக்கி, மற்ற நாட்டு வீரர்களை முன்னிட்டு வாடையையும் குறைத்திருந்தார்கள். விண்கலத்தில்கூடக் கொரியர்கள் அடுத்தவர் மூக்கை நினைத்துக்கொண்டார்கள்.

நம் பக்கத்திலும் இந்தக் கதையின் ஒரு கிளை இருக்கிறது. 1996-இல் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை போட வந்ததிலிருந்து சென்னையிலும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலும் கொரியக் குடும்பங்களும் உணவகங்களும் பெருகின. நீலகிரியிலிருந்து வரும் சைனீஸ் முட்டைக்கோசில் போட்ட கிம்ச்சி, சென்னை வெயிலில் வெளியே வைத்தால் ஒன்றிரண்டு நாளில் புளித்துவிடும். சோலில் வாரக்கணக்கில் ஆகும் வேலை. அந்த வீடுகளில் சமையலுக்கு வந்த நம் ஊர்ப் பெண்கள் அந்த வேகத்துக்கு ஏற்ப உப்பைக் கூட்டவும், உடனே ஃபிரிட்ஜில் ஏற்றவும் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

கிம்ச்சி தன் அடையாளத்தையே விட்டுக்கொடுத்து அந்நியரை வென்ற இடம் ஒன்று உண்டு. 1937-இல் ஸ்டாலின் அரசு ரஷ்யத் தூரக்கிழக்கில் வாழ்ந்த ஏறத்தாழ 1,70,000 கொரியர்களை ரயிலில் ஏற்றி, கஜகஸ்தானிலும் உஸ்பெகிஸ்தானிலும் கொண்டுபோய் இறக்கியது. அங்கே நாப்பா முட்டைக்கோஸ் கிடையாது. மீன் சாற்றுக்குக் கடலும் கிடையாது. கிடைத்தது கேரட். அதை நீளக் கீற்றாகச் சீவி, உப்பும் வினிகரும் போட்டு, பூண்டும் மிளகாயும் மல்லித்தூளும் சேர்த்து, மேலே காய்ந்த எண்ணெயை ஊற்றிக் கலந்தார்கள். மோர்கோவ்ச்சா எனப்படும் அது சந்தைகளில் கொரியப் பாட்டிமார் கையால் விற்கப்பட்டு, தாஷ்கண்டிலிருந்து மாஸ்கோ வரை சோவியத் நாட்டு விருந்துகளில் எல்லாம் இடம்பிடித்தது. அதைப் பற்றி யாரும் கருத்துக் கேட்கவில்லை, யாருக்கும் கருத்துச் சொல்லத் தோன்றவும் இல்லை, சாப்பிட்டார்கள். சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு அந்தக் கொரியர்களின் பேரப்பிள்ளைகள் வேலை தேடித் தென்கொரியாவுக்குத் திரும்பினார்கள். குவாங்ஜுவிலும் ஆன்சானிலும் அவர்கள் நெருங்கி வாழும் தெருக்களில் கேரட் கிம்ச்சி பிளாஸ்டிக் டப்பாக்களில் அடுக்கி விற்கப்படுகிறது. பக்கத்துத் தெருவில் பிறந்து வளர்ந்த கொரியர்கள் கடைக்குள் வந்து அதைக் கையிலெடுத்து, இது என்ன, எப்படிச் சாப்பிடுவது என்று கடைக்காரப் பெண்ணிடம் கேட்கிறார்கள்.